பின்காற்றும் பெரும்பாயும்



கந்தர்வக்கோட்டையில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. முந்திரித் தோப்புகளும் நிலக்கடலைக் கொல்லைகளும் ஏரிகளும் கொண்ட உள்நாட்டு ஊர் அது. அவ்வூர்ப் பிள்ளைகளிடம் பாய்ப்படகைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஆனால் அவ்வூர் அடங்கிய புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடற்கரையிலேதான் சென்று முடிகிறது. மேலும், காற்றிடம் வேலை வாங்கும் கலை உழவனுக்குப் புதியதன்று. களத்தில் முறத்தை உயர்த்தி நெல் தூற்றுகிறவன், காற்றின் திசையையும் வேகத்தையும் அறிந்த பிறகே தான் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கிறான். அதே காற்று மிஞ்சினால் என்ன நேரும் என்பதை 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அவ்வட்டாரத்துக்கு மறக்க முடியாதபடி உணர்த்திச் சென்றது.

மென்மையான காற்றிலும், பின்னாலிருந்து வீசும் காற்றிலும் எத்தகைய பாயை விரிப்பது, அதை எவ்வாறு ஆள்வது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் மென்காற்றைப் பார்ப்போம். மணிக்கு நான்கைந்து கடல் மைல் வேகத்தில் வீசும் காற்றுக்குக் கனத்த கித்தானைத் தூக்கி நிறுத்தும் வலிமை கிடையாது. பாய் தன் பாரத்தாலேயே துவண்டு தொங்கும். ஆகவே மென்காற்றுப் பாய்க்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும்: துணி மெல்லியதாக இருக்க வேண்டும், பரப்புப் பெரிதாக இருக்க வேண்டும், வயிறு நன்றாகக் குழிந்து காற்றை ஏந்த வேண்டும். பாயைப் பிடிக்கும் கயிறும் மெல்லியதாக இருப்பது நன்று.

இன்னொன்றும் உண்டு. நீர்ப்பரப்பின் உராய்வினால் கடலை ஒட்டி வீசும் காற்று வேகம் குன்றுகிறது. உயரே செல்லச் செல்ல வேகம் கூடுகிறது. எனவே மரத்தின் உச்சியில் விரிக்கும் பாய், கீழே இல்லாத காற்றையும் பிடித்துத் தரும். ‘மீப்பாய்’ என்ற அழகிய சொல் புறநானூற்றின் 30ஆம் பாடலிலேயே வருகிறது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாட்டு அது. மேற்பாயின் பயனை நம் முன்னோர் எத்துணைக் காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்று.

மென்காற்றில் படகோட்டிக்கு வேண்டிய முதற் குணம் பொறுமை. படகில் குதித்து நடந்தால் பாயில் தங்கிய சிறு காற்றும் உதிர்ந்துவிடும். சுக்கானை ஓயாமல் திருப்பினால் அதுவே தடையாகி வேகத்தைத் தின்னும். ஆட்கள் காற்று ஒதுங்கும் பக்கமாகச் சற்றே நகர்ந்து அமர்ந்தால் படகு சாயும்; பாயும் தன் எடையாலேயே அப்பக்கம் தொங்கி வடிவம் பெறும்.

இனிப் பின்காற்றுக்கு வருவோம். இங்கேதான் ஒரு மாயம் இருக்கிறது. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் காற்று வீசுகிறது. படகு அதே திசையில் 4 கடல் மைல் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். படகில் இருப்பவன் உணரும் காற்று 6 மட்டுமே. இப்போது அதே வேகத்தில் காற்றை நோக்கி 45 பாகை திரும்பி ஓடினால், அவன் உணரும் காற்று ஏறத்தாழ 13 ஆகிவிடும். காற்றின் தாக்கு விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. 6இன் இருமடி 36. 13இன் இருமடி 169. கடலில் வீசும் காற்று சிறிதும் மாறவில்லை. ஆயினும் பாயின்மீது விழும் விசை நான்கு மடங்குக்கும் மேலாகிறது!

பின்காற்றில் பெரிய பாய் விரிப்பதன் காரணம் இதுவே. அதன் அபாயமும் இதுவே. காற்று முதுகுப்புறம் இருக்கும்போது எல்லாம் இதமாகத் தோன்றும். காற்று வலுத்தாலும் படகும் சேர்ந்து விரைவதால் உள்ளே இருப்பவனுக்கு அது எளிதில் தெரியாது. பலூன் போல உப்பும் பாயைச் சுமந்து அவன் மகிழ்ச்சியாகப் போய்க்கொண்டிருப்பான். திரும்ப வேண்டிய கணத்தில்தான் உண்மை விளங்கும்.

அப்பாயை ஆளும் முறை என்ன? ஓரத்துக் கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். பாயின் முன்விளிம்பு சற்றே சுருளத் தொடங்கும் இடம் வரும். அங்கே நிறுத்தி, விரற்கடை அளவு இழுத்துக்கொள்ள வேண்டும். காற்றை நேர்ப் பின்னால் வாங்கிச் செல்வது நேர்வழி போலத் தோன்றினும், அதில் படகு இருபுறமும் உருளும். பெரிய பாயைத் தாங்கும் கட்டை திடீரென மறுபக்கம் வீசித் தலையில் அடிப்பதும் உண்டு. ஆதலால் சிறிது கோணமாகச் செல்வதே நலம். பாயை இறக்கும்போது படகை நேர்ப் பின்காற்றுக்குத் திருப்பினால், பெரிய பாய் காற்றை மறைத்துக்கொள்ளும். அதன் மறைவில் பலூன் பாய் சோர்ந்து கைக்கு அடங்கும். அதன்பின் ஆஞ்சான் கயிற்றைத் தளர்த்தி இறக்கலாம்.

பாக் விரிகுடாவின் மூன்று பாய்மர வத்தைகளைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய நூலில் எழுதினார். அவ்வத்தையின் குறுக்கே, காற்று வரும் பக்கமாக ஒரு நீண்ட பலகை வெளியே நீட்டியிருக்கும். ஆட்கள் அதன்மேல் அமர்ந்து படகு கவிழாமல் காப்பார்கள். பின்காற்றில் அப்பலகைக்கு வேலை குறைவு. காற்றைப் பக்கவாட்டில் வாங்கும்போதோ அதுவே உயிர்க்காவல்.

சென்னை வீரர்கள் கே. சி. கணபதியும் வருண் தக்கரும் 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் ‘ஃபார்ட்டி நைனர்’ என்னும் இருவர் படகைச் செலுத்தினார்கள். அதன் வழக்கமான இரு பாய்களும் சேர்ந்து ஏறத்தாழ 21 சதுர மீட்டர். பின்காற்றுக்கு விரிக்கும் பாய் ஒன்றே 38 சதுர மீட்டர். அதை இரண்டே பேர் நொடிகளில் ஏற்றி இறக்க வேண்டும்.

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா ஆகிய கடற்படை அதிகாரிகள் ‘தாரிணி’ என்னும் பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். தென்கடலில் கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு மேலைக்காற்று முதுகில் வீசும். இருவரில் ஒருவர் உறங்கினால் விழித்திருப்பவர் ஒருவரே. அந்நிலையில் எந்தப் பாயை விரிப்பது என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: தனி ஒருவரால் எந்தப் பாயை இறக்க முடியும்?

மாணவர்களே, இறக்க முடியாத பாயை ஏற்றாதிருப்பதே பாய் தேர்வின் சாரம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது களத்துப் பழமொழி. காற்று சிறிதாக இருக்கும்போதே பெரும்பாயைச் சுருட்டிக்கொள் என்பது கடல் தரும் பாடம். ‘இறக்கலாமா?’ என்ற ஐயம் மனத்தில் முதன்முதல் எழும் வேளையே இறக்குவதற்கு ஏற்ற வேளை. காற்று அனுகூலமாக வீசும்போது விழிப்பாக இருப்பவனே கரை சேருகிறான்.