டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளும் வட சென்னையின் நுரையீரல்களும்



நோயெதிர்ப்பு அணுக்கள் தமக்குள் செய்தி கடத்தும் வழிகளையும், அவ்வழிகளை அடைக்கும் மருந்துகளையும் பற்றிப் பேச இராயபுரத்தில் கூடியிருக்கிறோம். இந்த இடத்தைத் தேர்ந்த அமைப்பாளர்களை மனதாரப் பாராட்டுகிறேன். இம்மருந்துகள் வேலை செய்யும் விதம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். அவற்றால் வரும் கேடு அப்படியல்ல. ஊருக்கு ஊர் மாறும். இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் இந்தக் கடலோரத்தில் அது எவ்வளவு என்று நாமேதான் அளந்து பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றே.

டி.என்.எஃப். என்ற ஒரு புரதத்தை எடுத்துக்கொள்கிறேன். கிருமியை உணர்ந்த விழுங்கணு இதைச் சுரக்கிறது. பக்கத்து அணுவின் மேலுறையிலுள்ள ஏற்பியில் அது வந்து அமர்ந்ததும், ஏற்பியின் உட்பகுதியில் சில புரதங்கள் ஒன்றுகூடி ஐ.கே.கே. என்ற நொதியைத் தூண்டுகின்றன. என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும் காவல் புரதத்தின் மேல் அந்த நொதி பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டிய காவல் புரதம் சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் போய் அழற்சிக்கான மரபணுக்களை இயக்குகிறது. இதெல்லாம் சில நிமிடங்களில் நடந்து முடிந்துவிடும். 1986-இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் என்.எஃப். கப்பா பி-யைக் கண்டறிந்தபோது, பி அணுக்களில் ஒரே ஒரு மரபணு எப்படி இயங்குகிறது என்பதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ எல்லா வகை அணுக்களிலும் அது காத்துக் கிடக்கிறது என்பது அதன்பின் தெரிய வந்தது.

முடக்குவாதத்தில் மூட்டின் உள்ளுறையில் இந்தச் செய்தி ஓயாமல் ஓடுகிறது. காசிமேட்டில் விடியுமுன் மீன் சுத்தம் செய்ய உட்காரும் பெண்ணுக்கு விரல் மடங்கவில்லை என்றால் அன்றைய கூலி போயிற்று. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கு மணிக்கட்டு வீங்கினாலும் அதே கதி. ஆகவே டி.என்.எஃப். ஒன்றை மட்டும் தடுத்தால் மூட்டு வீக்கம் வடியும் என்று மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் காட்டியது நம் மக்களுக்கும் பெரிய செய்தி. டி.என்.எஃப். தடுப்பு மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே வகையைச் சேர்ந்த அடலிமுமாபுக்கு நிகரான மருந்தை உலகிலேயே முதலில், 2014-இல், விற்பனைக்குக் கொண்டுவந்தது ஓர் இந்திய நிறுவனம். விலை இறங்கிய பிறகுதான் இதைப் பற்றி நம் நோயாளிகளிடம் பேசவே முடிந்தது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 2001-இல் ஜோசஃப் கீனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையை இங்குள்ள ஒவ்வொரு மாணவரும் முழுதாகப் படிக்க வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த பிறகு காசநோய் கண்ட 70 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 48 பேருக்கு மூன்று அல்லது அதற்கும் குறைந்த தவணைகளிலேயே நோய் வெளிப்பட்டது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே காசநோய் இருந்தது. என்னை அதிகம் உறுத்தும் எண் வேறு: அந்த 70 பேரில் 64 பேர் காசநோய் அரிதான நாடுகளைச் சேர்ந்தவர்கள். அரிதான இடத்திலேயே இப்படி என்றால், உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரைக் கொண்ட நம் நாட்டில் என்ன ஆகும் என்ற கேள்வியை அன்றே நாம் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

காரணம் தெளிவானது. காசநோய்க் கிருமி உடலுக்குள் வந்ததும் விழுங்கணுக்களும் டி அணுக்களும் அதைச் சுற்றி நெருக்கமாகத் திரண்டு ஒரு வேலி போடுகின்றன. வேலிக்குள் கிருமி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். அந்த வேலி குலையாமல் நிற்க டி.என்.எஃப். தொடர்ந்து சுரக்க வேண்டும். டி.என்.எஃப். ஏற்பி இல்லாத எலிகள் காசநோய்க்கு விரைவில் பலியாவதை ஜோஆன் ஃப்ளின் 1995-இலேயே காட்டிவிட்டார். மூட்டில் வலி தரும் அதே புரதம் நுரையீரலில் உயிர் காக்கிறது. மருந்துக்கு மூட்டு, நுரையீரல் என்ற வேறுபாடு தெரியாது.

ஜாக் தடுப்பு மாத்திரைகளின் கதையும் இதுவே. டி அணு அனுப்பும் இன்டர்ஃபெரான் காமா, விழுங்கணுவின் மேலுள்ள ஏற்பியில் அமர்ந்து, ஜாக் நொதிகளைத் தூண்டி, ஸ்டாட்-1 புரதத்தை உட்கருவுக்கு அனுப்பினால்தான் விழுங்கணு தனக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லும் வலிமை பெறுகிறது. ஜாக் தடுப்பு மாத்திரையான டோஃபாசிடினிப் அந்த வழியையும் சேர்த்து மந்தமாக்குகிறது. நரம்பில் ஏற்றும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்றால் நோயாளி மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும், யாராவது அவரைப் பார்ப்பார்கள். மாத்திரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குறைந்த விலையில் மருந்துக்கடையிலேயே கிடைக்கும்போது, நம் கண்காணிப்பு இரட்டிப்பாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி இந்த ஊரின் காற்றுக்கு வருகிறேன். துறைமுகத்து நிலக்கரித் தூசியை இராயபுரத்து வீடுகள் பல ஆண்டுகள் சுவாசித்தன. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. தூசியும் கூடவே போனது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்து கிடப்பதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். வார்ப்பாலைகளிலும், மணல் பீய்ச்சித் துரு அகற்றும் வேலைகளிலும் இருப்பவர்கள் சிலிக்காத் துகளை நேரடியாக உள்ளிழுக்கிறார்கள். சிலிக்காப் படிகத்தை விழுங்கணு விழுங்குகிறது, ஆனால் செரிக்க முடிவதில்லை. செரிமானப் பை கிழிகிறது. என்.எல்.ஆர்.பி.3 என்ற உணர்வி விழித்து, காஸ்பேஸ்-1 நொதி வழியாக இன்டர்லூகின்-1 பீட்டாவை வெளிவிடுகிறது. இதை 2008-இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிறுவின. அழற்சி அடங்காமல் நுரையீரலில் தழும்பு விழுகிறது. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும் என்பது பல தலைமுறை மருத்துவர்கள் அறிந்தது. அத்தகைய ஒருவருக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்து கொடுக்கும்போது நாம் ஏற்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். "என்ன வேலை பார்க்கிறீர்கள்? இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்காமல் இந்த மருந்தை எழுதக் கூடாது.

மறைந்திருக்கும் தொற்றைக் கண்டறியும் சோதனைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. இக்ரா என்னும் இரத்தச் சோதனை, டி அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவைத்தான் அளக்கிறது. மாண்டூ சோதனையின் தடிப்பும் டி அணுக்களின் வேலையே. மூட்டுவலிக்கு மருத்துவர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுக்கொண்டவருக்கு அந்த அணுக்கள் அடங்கியிருக்கும். சோதனை 'இல்லை' என்று சொல்லும். கிருமி உள்ளே இருக்கும். தொற்று இருப்பது தெரிந்து காசநோய்த் தடுப்புச் சிகிச்சை தொடங்கினாலும் வேலை முடிவதில்லை. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி டோஃபாசிடினிப்பின் இரத்த அளவைப் பெருமளவு குறைத்துவிடும். சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர் எடுக்கும் டாக்ரோலிமஸையும் அப்படியே குறைக்கும். மாற்றுறுப்பைக் காக்கும் மருந்தும் காசநோய் மருந்தும் ஒரே உடலில் மோதும் நிலை நம் அரசு மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. பாடநூல்கள் இதற்குத் தரும் இடம் மிகக் குறைவு.

எப்போது தடுப்பது என்ற கேள்வியைக் கொரோனா நமக்கு நன்றாகவே கற்பித்தது. 2020 கோடையில் சென்னையில் தொற்று மிகுந்த மண்டலங்களில் இராயபுரம் முன்னணியில் இருந்தது. அந்த ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக அறிவித்தது. சில ரூபாய் மாத்திரை அது. அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் எதுவும் தெரியவில்லை. நோயின் தொடக்கத்தில் அழற்சிச் செய்தி வேண்டியது. அது கட்டுமீறிய பிறகு ஆளைக் கொல்வது. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் ஸ்டீராய்டை அள்ளிக் கொடுத்ததும், சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாததும் சேர்ந்து 2021-இல் கருப்புப் பூஞ்சை நோயைப் பெருக்கின.

இந்த நகரத்து நோயாளிகளிடம் கேட்ட கேள்வி உலக மருத்துவத்தையே மாற்றியதுண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை அளித்து, பலன் சானடோரியத்துக்குக் குறைந்ததல்ல என்று 1959-இல் நிறுவியது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட பி.சி.ஜி. ஆய்வு, பிரிட்டனில் நன்கு காத்த தடுப்பூசி இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று சொன்னது. மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு கிருமிகள் நம் அணுக்களை முன்பே பழக்கியிருப்பது காரணமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். விளக்கம் எதுவானாலும், ஒரு நாட்டு முடிவை இன்னொரு நாட்டு உடலுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணைகளில் வயது, பாலினம், மருந்தின் அளவு இருக்கும். அவற்றோடு நோயாளியின் தொழில், குடியிருக்கும் பகுதி, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, முன்பு ஸ்டீராய்டு எடுத்தாரா என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். சேகரிக்கவில்லை என்றால் அதையும் மேடையிலேயே சொல்லுங்கள். யாரும் குறை கூறப் போவதில்லை. நாளை மாலை அமர்வில், டி.என்.எஃப். தடுப்பு மருந்தோ ஜாக் தடுப்பு மாத்திரையோ தொடங்கும் ஒவ்வொருவரையும் குறைந்தது இரண்டாண்டு தொடர்ந்து பார்க்கும் பொதுப் பதிவேடு ஒன்றின் வரைவை முன்வைக்கிறேன். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, தொழிற்சாலை மருத்துவமனை மூன்றும் அதில் சேர வேண்டும். திருத்தங்களோடு வாருங்கள். முதல் அமர்வுக்குரியவர்கள் மேடைக்கு வரலாம்.