தூக்கத்திற்குச் சாட்சி யார்?
(நாயுடுபுரம் சொற்பொழிவு)



மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகத்தைத் தூக்கத்தில் கழிக்கிறான். ஆனால் அந்த ஒரு பாகத்தில் தனக்கு என்ன நடந்ததென்பது அவனுக்கே தெரியாது. நமக்குத் தெரியாத இடம் எதுவோ அங்கேதான் பேயும் பிசாசும் தலைவிதியும் குடியேறுவது வழக்கம்.

விடியற்காலையில் ஒருவனுக்கு விழிப்பு வருகிறது. கண் தெரிகிறது, கை கால் அசையவில்லை, மார்பின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. உடனே "அமுக்குவான் பேய்" என்று சொல்லி, மந்திரிக்கிறவனிடம் கயிறு வாங்கிக் கட்டுகிறோம். உண்மை என்ன? கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி, கனவுத் தூக்கத்தில் மூளையே தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது. சில சமயம் அறிவு முந்தி விழித்துக்கொள்கிறது. கட்டு அவிழச் சற்று நேரமாகிறது. அவ்வளவுதான். 1953-ல் சிக்காகோ சர்வகலாசாலையில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் கண்கள் இமைக்குள் வேகமாக ஓடும் வேளையைக் கருவிகொண்டு பதிந்து வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் கனவுத் தூக்கம் உலகத்திற்கு விளங்க ஆரம்பித்தது.

நிற்க, அமுக்குவான் பேயால் யாரும் சாவதில்லை. நாம் நல்ல தூக்கம் என்று மெச்சிக்கொள்ளும் குறட்டையில்தான் ஆபத்து இருக்கிறது. எல்லாக் குறட்டையும் வியாதியல்ல. பலத்த குறட்டை திடீரென்று நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறி மீளுமானால் அது வியாதியாக இருக்கலாம். தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுவழியை அடைக்கிறது. 10 விநாடியும் அதற்கு மேலும் நீடிக்கும் இத்தகைய தடையும் குறைவும் மணிக்கு 5 தடவைக்குக் குறையாமல் வந்தால் கவனிக்க வேண்டும். 30 ஆனால் கடுமை. 7 மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை கழுத்தை நெரிப்பதற்குச் சமானம்! அவன் பகலில் தூங்கி விழுந்தால் சோம்பேறி என்கிறோம், கும்பகர்ணன் என்கிறோம். அவனே வத்தலக்குண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டினால் ஏறினவர்கள் கதி என்ன? ரத்தக் கொதிப்பும் இருதய நோயும் பக்கவாதமும் இதைத் தொடர்ந்து வரக்கூடும்.

இங்கே இன்னொரு விசேஷம். கோடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்த நோயுள்ள சமவெளிக்காரர் மலையேறினால் இரவில் மூச்சுத்தடை அதிகமாகலாம். குளிருக்கென்று குடிக்கும் சாராயம் தொண்டையை மேலும் தளர்த்தும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழிதான் இரவுப் பரிசோதனை. தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் சிறு கம்பிகளை ஒட்டுகிறார்கள். மூக்கில் காற்றோட்டம் அறியும் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் கவ்வி. ஊசியில்லை, வலியில்லை, தூங்க வேண்டியதுதான். 8 மணி நேரப் பதிவை 30 விநாடிக்கு ஒரு பக்கமாக, 960 பக்கங்கள் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். எந்த ஜாதகத்தையாவது இப்படிச் சோதித்ததுண்டா? வெறுமனே தூக்கம் வராதவர்களுக்குப் பெரும்பாலும் இச்சோதனை தேவையில்லை. அவர்களுக்குப் பழக்கத்தைத் திருத்தும் சிகிச்சை உண்டு.

மூச்சு அடைபடுகிறவர்களுக்கும் வழியுண்டு. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டரும் கூட்டாளிகளும், மூக்கு வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார்கள். அதில் மருந்துமில்லை, மாயமுமில்லை; வெறும் காற்று. மூக்குக்கண்ணாடியைப்போல் உபயோகிக்கும் வரையில்தான் பலன். சிலருக்கு எடையைக் குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். குழந்தைகளுக்குத் தொண்டைச்சதையை எடுப்பது பெரும்பாலும் பலன் தரும்.

கடைசியாக ஒன்று. இந்த வியாதிக்கு முதல் சாட்சி பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான். "உங்களுக்கு மூச்சு நின்றுபோகிறது" என்று அவள் சொன்னால், "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்று அதட்டுகிறோம். டாக்டரோ அவளைத்தான் முதலில் விசாரிப்பார். பெண்களுக்கும் இது வருகிறது. மாதவிலக்கு நின்றபின் அதிகம். அவள் மூச்சை விழித்திருந்து கவனித்த புருஷன் எத்தனை பேர்?

நான் சொன்னதற்காக நம்பாதீர்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் தூங்குகிறவர்களின் மூச்சைச் சற்றுக் கவனியுங்கள். சந்தேகம் தோன்றினால் கயிறு கட்டுகிறவனிடம் போகாமல் டாக்டரிடம் போங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறேன்.