வெளியே சொன்னால் பாதி குணம்

ஒருவர் நம் எதிரே சாப்பிடுவதைப் பார்க்கிறோம். ஒளிந்து சாப்பிடுவதை யார் பார்க்கிறார்கள்?

இளவரசி டயானாவை உலகமே பார்த்தது. 1981இல் நிச்சயதார்த்தத்திற்கும் திருமணத்திற்கும் இடைப்பட்ட மாதங்களில் அவருடைய இடுப்பளவு 29 அங்குலத்திலிருந்து 23½ அங்குலமாகக் குறைந்தது. இது பின்னாளில் அவரே சொன்ன கணக்கு. உலகம் அழகைக் கண்டது. உள்ளே இருந்ததோ புலிமியா நோய். அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, பிறகு குற்ற உணர்வில் வாந்தி எடுப்பது. லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரசல் 1979இல்தான் இதற்குப் பெயரே வைத்திருந்தார்.

பல ஆண்டுகள் மறைத்தார் டயானா. தோழி ஒருவர் விடாமல் வற்புறுத்திய பிறகே மருத்துவரை நாடினார். 1993 ஏப்ரலில் லண்டனில் மேடையேறி, இந்நோய்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்.

இப்படி உணவுக்கு அடிமையானவரிடம் 'வாயைக் கட்டு' என்று சொல்வது தவறு. பட்டினி கிடந்தால் அடுத்த முறை வெறி கூடும். மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுண்டி, எல்லாம் நேரம் தவறாமல். சிகிச்சையின் முதல் படி இதுதான். சாப்பிட்டதையும் அப்போதைய மனநிலையையும் எழுதி வைக்கச் சொல்வார்கள். குடிகாரர் மதுவை அடியோடு விடலாம். சோற்றை விட முடியுமா? அதனோடு சமாதானமாகத்தான் வேண்டும்.

சாப்பிட்ட கையோடு உங்கள் மகள் தினமும் குளியலறைக்கு ஓடுகிறாளா? அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டயானாவுக்கு ஒரு தோழி இருந்தார். உங்கள் வீட்டில் அந்தத் தோழி நீங்கள்தான்.