ஆண்மை ஆடையிலா?



அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலே மோர்ஹவுஸ் என்றோர் ஆடவர் கல்லூரி. அடிமைத்தளை அறுந்த சூட்டோடு, 1867-இல் கறுப்பின மக்களின் கல்விக்கெனத் தோன்றியது. 1948-இல் மார்ட்டின் லூதர் கிங்கைப் பட்டதாரியாக்கி உலகுக்கு ஈந்தது. நிறத்தால் பூட்டிய கதவுகளைத் திறக்கப் பிறந்த அக்கல்லூரியே, 2009-இல் மாணவர் பெண்ணுடை அணியத் தடை போட்டது! ஆண்மை ஆடையிலா இருக்கிறது?

பத்தாண்டு கழிந்தது. பிறப்பிலே பெண்ணெனப் பதியப்பட்டு, ஆணென வாழ்வோரும் 2020 முதல் சேரலாமென 2019-இல் அறிவித்தது. வாழ்க! ஆனால், பயிலும்போதே தன்னைப் பெண்ணென உணர்ந்து மாறுவோருக்கு இடமில்லை என்பதையும் விதியாக்கிற்று. ஒரு கதவு திறந்தது. மறு கதவு மூடிற்று!

ஆடவர்க்கெனத் தனியிடம் இருப்பதை நான் பழிக்கவில்லை. சேர்த்துக்கொண்ட பிள்ளையை நடுவழியில் இறக்கிவிடாதீர் என்கிறேன். ஆண்மை, அடக்கும் உரிமையன்று. அடுத்தவர் மானத்துக்கு அரணாகும் கடமை!