ஒரு நாள் கூலியும் ஒரு நிமிஷப் பரிசோதனையும்
(கம்பம் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே! விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளி ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகிறோம். வெள்ளைப்பட்டால் "உடம்புச் சூடு" என்று மோர் குடிக்கிறோம். ரத்தம் கண்டபிறகே ஆஸ்பத்திரி. அதற்குள் கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றிவிடுகிறது.

டாக்டர் சங்கரநாராயணன் என்றொரு விஞ்ஞானி. திருவனந்தபுரத்தில் வேலை செய்து, பிறகு பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனவர். ஏழைக்குக் கட்டுப்படியாகும் பரிசோதனை எது என்பதே அவர் தேடல். புகையிலை போடுவோர் வாயைச் சுகாதார ஊழியர் பார்த்துச் சொன்னாலே சாவு குறையுமென்று 2005ல் காட்டினார்.

அவர் குழு பக்கத்து ஜில்லாவான திண்டுக்கல்லுக்கும் வந்தது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெளுக்கிறதா என்று நர்ஸ்கள் பார்த்தார்கள். அவ்வளவுதான்! ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருப்பதும் அந்த அமிலமே. சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007ல் முடிவு வெளியாயிற்று. அதே வருஷம் தமிழ்நாட்டுச் சர்க்கார் இம்மாதிரிப் பரிசோதனையை முதலில் தொடங்கிய ஜில்லாக்களில் நம் தேனியும் ஒன்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திண்டுக்கல்லில் பரிசோதனைக்கு உரியவர்கள் 49,311 பெண்கள். 2000 முதல் 2003 வரை வந்தவர்கள் 31,343. மற்றவர்களை அசட்டை என்று ஏசலாமா? நம்மையே கேட்டுக்கொள்வோம்: அன்றைய கூலியை யார் தருவார்?

ஆகவே ஜீப் திரும்பும் மாலை வேளையில் நர்ஸ் இருக்க வேண்டும். இல்லையேல் அந்த ஒரு நாள் கூலியைத் தோட்ட முதலாளி தர வேண்டும். மனு மேஜைமேல் இருக்கிறது. முப்பது வயது கடந்த பெண்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டும் செல்லும்.