கம்ப்யூட்டரும் கருணையும்

(நம் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் திட்டம் ஓராண்டை நிறைவு செய்ததையொட்டி நடைபெற்ற ஸ்தோத்திர ஆராதனையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி. வேதபகுதி: அப்போஸ்தலர் 6:1-7)



இந்தத் திட்டத்தை நாம் அறிவித்தபோது, பல வருஷங்களாக ஏழைகள் நிதிக்குக் காணிக்கை அனுப்பி வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்குக் கடிதம் எழுதினார்கள். தம் பென்ஷனில் ஒரு பங்கை அனுப்புவது ஓர் ஏழையின் மருந்துக்காக, அதில் கம்ப்யூட்டர் வாங்கினால் அந்த ஏழைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ஏழைகள் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை, இதற்கெனத் தனியாகவே காணிக்கை கேட்டோம் என்று அன்று நாலு வரியில் பதில் எழுதினேன். அது உண்மை. ஆனால் அது முழுப் பதில் அல்ல. முழுப் பதிலை இன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாம் வாசித்த வேதபகுதியைக் கவனியுங்கள். எருசலேம் சபையில் சீஷர்கள் பெருகினார்கள். பெருகினவுடன் ஒரு முறுமுறுப்பு எழும்பிற்று. கிரேக்க மொழி பேசின விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் சேரவேண்டியது சேரவில்லை. அப்போஸ்தலருக்கு அன்பு குறைந்துவிட்டதா? இல்லை. அன்பு இருந்தது, ஒழுங்கு இல்லை. சபை சிறிதாக இருந்தபோது எல்லா முகமும் தெரியும். ஆயிரக்கணக்கானவர்கள் ஆனபின்பு யார் சாப்பிட்டார், யார் விடுபட்டார் என்பது தெரியாமற் போயிற்று. அப்போஸ்தலர் அதற்காக அன்பைக் குறித்துப் பிரசங்கம் செய்யவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரை ஏற்படுத்தி, வேலையை ஒழுங்குபடுத்தினார்கள். நிர்வாகமும் ஊழியமே என்பதற்கு இதைவிடத் தெளிவான பகுதி வேண்டுமா?

நம் மருத்துவமனையிலும் அதுவே நடந்தது. திட்டம் தொடங்குமுன் எங்கள் கமிட்டி ஒரு காரியம் செய்தது. வெளிநோயாளியாக வந்த ஒரு பாட்டியம்மாவின் பின்னாலேயே, அவர்கள் அனுமதியோடு, காலையிலிருந்து நடந்தோம். சீட்டுப் பதிவு, பழைய நோட்டு எடுக்கும் அறை, டாக்டர், பணம் கட்டும் இடம், லேப், மறுபடியும் டாக்டர், மறுபடியும் பணம், பிறகு மருந்து. பெயரையும் ஊரையும் 5 இடங்களில் சொன்னார்கள். 3 நோட்டுகளில் மூன்று விதமாக எழுதப்பட்டது. லேப் முடிவு தயாராகி ஒரு மணி நேரமாக ஒரு தட்டில் கிடந்தது, எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அன்றிரவு வராந்தாவில் படுத்தார்கள். நம்மில் ஒருவரும் அவர்களிடம் கடுமையாகப் பேசவில்லை. ஆனாலும் அவர்கள் விடுபட்ட விதவைதான்.

நமக்கு உதவிய மென்பொருளின் பெயர் பாம்னி. சத்தீஸ்கர் மாநிலத்தில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரி என்ற கிராமத்தில், ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் மருத்துவமனையில் இது முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. நோயாளியின் குறிப்புகளுக்கு ஓப்பன் எம்.ஆர்.எஸ்., லேபுக்கு ஓப்பன் எலிஸ், கணக்குக்கும் மருந்து இருப்புக்கும் ஓடூ என்று மூன்றை இணைத்துச் செய்திருக்கிறார்கள். இவற்றில் ஓப்பன் எம்.ஆர்.எஸ். 2004-இல் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளிகளின் பதிவேடுகளைக் காக்கவேண்டிய அவசரம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இது ஏழைகளின் மருத்துவமனைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. உரிமக் கட்டணம் கிடையாது. அப்படியானால் உங்கள் காணிக்கை எதற்குச் செலவாயிற்று? சர்வர், கேபிள், கரண்ட் போனாலும் ஓடுவதற்கான பேட்டரி, எல்லாவற்றிற்கும் மேலாக நம் ஊழியர்களின் பயிற்சி. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்த நம் வார்டு சிஸ்டர்மார் இன்று வேகமாய்ப் பதிவதைப் பார்க்கும்போது என் உள்ளம் மகிழ்கிறது.

இப்பொழுது பதிவின்போது ஒருமுறை பெயர் சொன்னால் போதும். டாக்டர் எழுதும் மருந்து, நோயாளி நடந்து போகுமுன்னே மருந்தகத்தில் தெரிகிறது. லேப் முடிவு தயாரானவுடன் டாக்டரின் திரையில் வந்து நிற்கிறது. இதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் ஒரு காரியத்தை மறைத்து நான் ஸ்தோத்திரம் சொல்லக்கூடாது.

மென்பொருளை நமக்கேற்ப அமைக்க வந்த தம்பிமார், "இங்கே என்னென்ன விதிகள் உண்டு?" என்று கேட்டார்கள். எழுதப்பட்ட விதிகளையெல்லாம் கொடுத்தோம். எழுதப்படாத ஒரு விதியை ஒருவரும் சொல்லவில்லை. கையில் பணமில்லாத நோயாளியைக் கண்டால், பில் போடும் ஊழியர் வார்டு சிஸ்டரைப் பார்ப்பார், சிஸ்டர் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வார்த்தை எழுதுவார்கள், நோயாளி வீட்டுக்குப் போவார், கணக்கை மறுநாள் நான் கையெழுத்திட்டு முடிப்பேன். இந்த மருத்துவமனையின் கருணை பல வருஷமாக அந்தத் துண்டுச் சீட்டில்தான் இருந்தது. துண்டுச் சீட்டை கம்ப்யூட்டர் அறியாது. சலுகைக்கு ஒருவர் மட்டுமே அனுமதி தரலாம், அவர் போதகர் என்று கமிட்டியில் தீர்மானித்தோம். தவறாகப் பயன்படுத்தப்படாமல் இருக்கும் என்று சொல்லி அதை ஆதரித்தவன் நான்.

இரண்டாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நான் வெளியூரில் போதகர் கூட்டத்தில் இருந்தேன். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு தகப்பன், காய்ச்சல் தெளிந்த குழந்தையோடு பில் கவுண்டரில் நின்றார். பாதிப் பணம்தான் இருந்தது. போதகரின் அனுமதி இல்லாமல் பில் முடியவில்லை, பில் முடியாமல் டிஸ்சார்ஜ் தாள் அச்சாகவில்லை. இரவு முழுவதும் இருந்தார்கள். காலையில் குழந்தையின் தாய் காதில் இருந்த கம்மலைக் கொண்டுபோய் அடகு வைத்து மீதியைக் கட்டிப் போனார்கள். நான் திரும்பி வந்து கேட்டபோது கவுண்டரில் இருந்த தம்பி கண் கலங்கி, "நான் என்ன செய்யட்டும் ஐயா, சிஸ்டம் விடலியே" என்றான்.

அந்தத் தம்பி கல்நெஞ்சன் அல்ல. முன்பெல்லாம் முதலில் எழுந்து வார்டுக்கு ஓடுகிறவன் அவனே. கம்ப்யூட்டர் அவனுடைய இரக்கத்தை எடுத்துவிடவில்லை. அவன் இரக்கம் நடந்து போன வழியை நாங்கள் அடைத்துவிட்டோம். அடைத்த கைகளில் ஒன்று என்னுடையது. அடகை மீட்டு அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்தோம். ஆனால் அந்த இரவை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் ஆகாது.

கம்ப்யூட்டர் சொன்னதே சரி, மனிதன் சொல்வது பொய் என்று ஒரு நிறுவனம் நம்பினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரிட்டன் தேசம் சாட்சி. அங்கே தபால் நிலையங்களில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வைத்தார்கள். அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, கிளைத் தபால் நிலையங்களை நடத்தினவர்களைத் திருடர் என்றார்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டனைத் தீர்ப்புப் பெற்றார்கள். சிலர் சிறை சென்றார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை உயர் நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்தது. 2024-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அந்தத் தண்டனைகளில் பலவற்றை ரத்துச் செய்தது. 2012 முதல் 2019 வரை அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், நியாயம் கேட்டவர்கள் அதே நிறுவனத்தோடு வழக்காடின வருஷங்களில், குருத்துவ அபிஷேகம் பெற்றவராக இருந்தார் என்று வாசித்தபோது, நான் அவரை நியாயந்தீர்க்கவில்லை. என் வெள்ளிக்கிழமையை நினைத்தேன்.

நாம் செய்த திருத்தங்களைச் சொல்லுகிறேன். முதலாவது, இரவுப் பணியில் இருக்கும் மூத்த சிஸ்டர் குறிப்பிட்ட தொகை வரை தாமே சலுகை அளிக்கலாம். காரணத்தை ஒரு வரியில் பதிந்தால் போதும். இரண்டாவது, டிஸ்சார்ஜ் தாளுக்கும் பில்லுக்கும் இருந்த பூட்டை எடுத்துவிட்டோம். நோயாளி போகட்டும், கணக்கு பின்னால் வரட்டும். மூன்றாவது, ஒவ்வொரு சனிக்கிழமையும் அரைமணி நேரம் கூடி, "இந்த வாரம் கம்ப்யூட்டர் யாரை நிறுத்திற்று?" என்று கேட்கிறோம். அந்தக் கூட்டத்தில் துப்புரவுப் பணி செய்யும் அம்மாவுக்கும் டாக்டருக்கும் ஒரே பெஞ்சு. எருசலேமில் முறுமுறுப்பு காதில் விழுந்ததால்தான் திருத்தம் பிறந்தது. முறுமுறுப்பு நம் காதில் விழவேண்டும்.

பழைய ஏற்பாட்டில் அறுப்பைக் குறித்த ஒரு கட்டளை உண்டு. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். வயலின் ஓரம் வரை ஒட்ட அறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவை என்பது அதன் கருத்து. நல்ல அரிவாள் இருப்பது பாவம் அல்ல. அரிவாள் கூர்மையாக இருக்கும்போதுதான் ஓரத்தை நினைவுகூர வேண்டும். மோவாபிலிருந்து வந்த ரூத் அப்படி விடப்பட்ட கதிர்களைப் பொறுக்கியே பிழைத்தாள். அவள் சந்ததியில் நம் ஆண்டவர் பிறந்தார். மென்பொருள் கூர்மையான அரிவாள். அதில் ஓர் ஓரத்தை விட்டுவைப்பது நம் வேலை, அந்த வேலையை எந்த இயந்திரத்திடமும் ஒப்புவிக்க முடியாது.

ஆகவே அந்த ஆசிரியை அம்மாவுக்கு என் பதில் இது: அம்மா, உங்கள் காணிக்கை ஏழையின் மருந்துக்கே போகிறது. இந்தக் கம்ப்யூட்டர் சரியாக ஓடினால் அந்த மருந்து அவர் கைக்குக் கடைசி பஸ்ஸுக்கு முன்பாகப் போய்ச் சேரும். சரியாக ஓடாத நாளில் எங்களுக்கு மறுபடியும் கடிதம் எழுதுங்கள். உங்கள் கேள்வி எங்களை விழிப்பாய் இருக்கச் செய்கிறது.

இரக்கமுள்ள ஆண்டவரே, எங்கள் கைகளுக்கு வேகம் தந்தீர், நன்றி. வரிசையில் கடைசியாக நிற்கிறவரைக் காணும் கண்களையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.