பந்து பீரோவுக்குள் தூங்கக்கூடாது
(வாடிப்பட்டியில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையில் ஷிப்டு முடித்தவர்களும் வயலில் களையெடுத்து வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். நம் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் வாங்க சர்க்கார் பணம் உண்டு. அது எவ்வளவு, எப்படிச் செலவாக வேண்டும், அதில் நமக்கு என்ன அதிகாரம் என்பதுதான் இன்றைய பேச்சு.

2018-ல் மத்திய சர்க்கார் பள்ளிக்கல்வித் திட்டங்களை ஒன்றாக்கி ‘சமக்ர சிக்ஷா’ என்று பெயரிட்டது. 100 ரூபாய் செலவில் 60 மத்திய சர்க்கார், 40 மாநில சர்க்கார். இதில் விளையாட்டுக்கென்று ஆரம்பப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை என்று வகுத்தார்கள். இது யாரும் போட்ட பிச்சையல்ல. சோப்பு வாங்கினாலும் துணி வாங்கினாலும் நாம் வரி கட்டுகிறோம். நம் வியர்வைதான் இந்தப் பணம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 50 பிள்ளைகள் உள்ள பள்ளியில் தலைக்கு 100 ரூபாய். ஆரம்ப வகுப்புகளுக்குச் சட்டம் சொல்லும் வேலைநாள் 200. ஆக, ஒரு பிள்ளையின் விளையாட்டுக்கு நாளொன்றுக்கு 50 காசு! 2021-ல் திட்டத்தை நீட்டித்தபோதும் இந்தத் தொகை ஏறவில்லை. ஆனால் தேசியப் போட்டியில் இரண்டு பிள்ளைகளாவது பதக்கம் வாங்கிய பள்ளிக்கு மேலும் 25,000 வரை உண்டாம். பதக்கம் வாங்கும் பிள்ளையை நாமும் வாழ்த்துகிறோம். ஆனால் ஒன்றாம் வகுப்பில் பந்தையே தொடாத பிள்ளை எங்கே போய்ப் பதக்கம் வாங்கும்?

தொகை சொற்பம். அந்தச் சொற்பமும் வீணாவதுதான் வேதனை. மூன்று விதத்தில் வீணாகிறது. மைதானத்துக்கும் வயதுக்கும் பொருந்தாத சாமானை வாங்கி வைப்பது ஒன்று. பந்து வாங்கிவிட்டு, காற்றடிக்கப் பம்பும் ஊசியும் வாங்காமல் விடுவது இரண்டு. மூன்றாவதுதான் பெரிது. வாங்கியதையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டுவது! அதிகாரி வரும் நாளில் எல்லாம் புதிதாக மின்னும். பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்பார்கள்.

இதற்கு ஆசிரியரை மட்டும் ஏசுவது நியாயமல்ல. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்கள். பந்து தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்தப் பயம்தான் பீரோவுக்குச் சாவி போடுகிறது. அந்தப் பயத்தை நாம்தான் போக்க வேண்டும். விளையாடினால் பந்து தேயும், கயிறு அறும். தேய்ந்ததைத் தேய்ந்தது என்று மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பதிவு செய்யட்டும். தேயாத பந்துதான் நஷ்டக் கணக்கு.

அது என்ன குழு? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். சர்க்கார் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இதன் வேலை. அதே சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுச் சாமானும் வேண்டும் என்கிறது. நாம் கூட்டத்துக்குப் போகாவிட்டால் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான். ஒருநாள் கூலி போகாத நேரத்தில் கூட்டம் வையுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

எதை வாங்குவது? ஒருவர் ஆட, நாற்பது பேர் வேடிக்கை பார்க்கும் சாமான் வேண்டாம். ரப்பர் பந்துகள், ஸ்கிப்பிங் கயிறுகள், வளையங்கள், இழுக்க ஒரு வடம், கோடு போடச் சுண்ணாம்பு, ஒரு விசில், காயத்துக்கு மருந்துப் பெட்டி. சடுகுடுவுக்கும் பாண்டிக்கும் கிட்டிப்புள்ளுக்கும் காசே தேவையில்லை. இடமும் நேரமும்தான் தேவை. மைதானத்துக் கல்லையும் முள்ளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் பொறுக்கினால் போதும். பெண்பிள்ளைகளைத் தம்பியைப் பார்த்துக்கொள் என்று ஓரத்தில் உட்காரவைக்காதீர்கள். காலனிப் பிள்ளையும் ஊர்த்தெருப் பிள்ளையும் ஒரே கட்சியில் நின்று சடுகுடு ஆடட்டும். கையைக் கோத்து ஆடிய பிள்ளை வளர்ந்த பிறகு தீண்டாமைக்குத் தலையாட்டாது.

நம் மதுரைச் சீமையின் சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி. தாய் தகப்பனை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்தவர். ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியவர், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். ஏழை வீட்டில் திறமைக்குப் பஞ்சமில்லை, வாய்ப்புக்குத்தான் பஞ்சம். கியூபாவில் 1959 புரட்சி வென்ற இரண்டே ஆண்டுகளில், 1961-ல், விளையாட்டுக்கென்றே தேசிய நிறுவனம் அமைத்தார்கள். விளையாட்டு பணக்காரர் கிளப்பின் சொத்தல்ல, மக்களின் உரிமை என்று நடத்திக் காட்டினார்கள்.

இங்கே நடந்தது என்ன? பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று, 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. மேலிடத்துச் சண்டையில் நம் பிள்ளையின் 50 காசும் அடகு வைக்கப்படுவதை நாம் ஏற்க முடியாது.

2022 செப்டம்பரில் பள்ளிக் காலை உணவுத் திட்டம் நம் மதுரையில்தான் தொடங்கியது. வயிற்றுக்கு உணவு வந்தது. அந்த உடம்பு வளர ஆட்டமும் வேண்டும். தொகையை உயர்த்து, ஆரம்பப் பள்ளிகளுக்கும் உடற்பயிற்சி ஆசிரியரைக் கொடு, மைதானமில்லாத பள்ளிக்கு இடம் கொடு என்று மகஜர் எழுதுவோம். கிராம சபையில் தீர்மானம் போடுவோம்.

அதற்கு முன்னால், நாளைக் காலை பிள்ளையைப் பள்ளியில் விடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆண்டுப் பணம் வந்ததா? என்ன வாங்கினீர்கள்? சாமான் எங்கே இருக்கிறது? மரியாதையாகக் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். பீரோ திறக்கட்டும், பந்து வெளியே வரட்டும்!